உள்ளூர்த் தொண்டு நிறுவனமும் வட்டாரப் பொருளாதாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டு நிறுவனம் என்றதும் மருத்துவ முகாமும் நிவாரணப் பொருட்களும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே மாதிரியான ஓர் அமைப்பு ஒரு வட்டாரத்தின் தொழிலையும் வேலையையும் வருமானத்தையும் வளர்க்க என்ன செய்ய முடியும் என்று விசாரிப்பவர்களுக்காக இந்தப் பக்கம். நன்கொடை கொடுக்க நினைப்பவர்கள், இந்த வேலையில் சேர யோசிப்பவர்கள், தங்கள் பகுதியில் ஒன்றைத் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருப்பவர்கள், எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன்.

தொண்டு நிறுவனத்துக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியான சம்பந்தம். ஒரு வட்டாரத்தில் தொழில் வளர வேண்டுமென்றால் நாலைந்து விஷயங்கள் ஒரே நேரத்தில் கூடிவர வேண்டும்: முதலீடு, கைத்திறமை, இடம், வாங்குகிற ஆள், கணக்கு வழக்கு தெரிந்த ஒருவர். பெரும்பாலான இடங்களில் இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஒன்றோடொன்று சேராமல் கிடக்கும், அவ்வளவுதான். வங்கியில் பணம் இருக்கும். அதைக் கேட்பதற்கான கணக்குப் புத்தகம் தையல் தொழிலாளியிடம் இருக்காது. மருத்துவமனைக்கு ஆயிரக்கணக்கில் படுக்கை விரிப்பு தேவைப்படும். அந்த டெண்டர் வெளியானதே பக்கத்துத் தெருவில் தைப்பவருக்குத் தெரியாது. பயிற்சி நிலையம் சொல்லிக்கொடுப்பது ஒன்றாகவும், தொழிற்சாலை தேடுவது வேறொன்றாகவும் இருக்கும்.

இந்த இடைவெளியில் நின்று இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைப்பதுதான் வேலை. உடனே லாபம் வராத வேலை என்பதால் தனியார் இதில் இறங்கத் தயங்குவார்கள். இடத்துக்கு இடம் வேறு மாதிரி செய்ய வேண்டியிருப்பதால் அரசால் ஒரே உத்தரவில் முடிக்க இயலாது. அந்த இடத்து ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரிந்த, பொறுமையாக இருக்கக்கூடிய ஓர் அமைப்பு வேண்டும்.

லாப நோக்கமற்றது என்றால் லாபமே பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம். வரவு செலவு போக மிஞ்சியதை உறுப்பினர்களோ நிறுவனர்களோ பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, திரும்பவும் நோக்கத்துக்கே செலவிட வேண்டும், அதுதான் விதி. சட்ட வடிவம் நாட்டுக்கு நாடு மாறும்: சில இடங்களில் சங்கம், சில இடங்களில் அறக்கட்டளை, சில இடங்களில் பங்காதாயம் தராத நிறுவனம். மிச்சமே இல்லாமல் ஓடுகிற அமைப்பு ஒரு நன்கொடை தாமதமானாலே சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றுவிடும். ஆகவே கையில் கொஞ்சம் இருப்பு வைத்திருப்பது நல்ல நிர்வாகத்தின் அடையாளம்.

“பணம் ஊரிலேயே சுழல வேண்டும்” என்கிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்?

இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். ஒரு பகுதி ஏழ்மையாக இருப்பதற்குக் காரணம் அங்கே பணம் வராததுதான் என்று நினைத்துக்கொள்கிறோம். பல இடங்களில் பணம் வருகிறது. சம்பளமாக, ஓய்வூதியமாக, அரசுத் திட்டமாக, வெளியூர் போனவர்கள் அனுப்புவதாக. வந்த வேகத்திலேயே வெளியேயும் போய்விடுகிறது, ஓட்டை வாளியில் ஊற்றிய தண்ணீர் மாதிரி.

இதை அளக்க ஓர் எளிய முறை இருக்கிறது. லண்டனைச் சேர்ந்த நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு உருவாக்கியது; லோக்கல் மல்டிப்ளையர் 3 (உள்ளூர்ப் பெருக்கி), சுருக்கமாக எல்.எம். 3 என்று பெயர். மூன்று சுற்றை மட்டும் பின்தொடர்ந்து பார்ப்பார்கள். உதாரணத்துக்கு ஒரு நிறுவனத்தின் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். அது முதல் சுற்று. அதில் 60 அந்த வட்டாரத்து ஊழியர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் போகிறது, அது இரண்டாவது. அவர்கள் அந்த 60-ல் 24-ஐ மறுபடியும் வட்டாரத்துக்குள் செலவு செய்கிறார்கள், அது மூன்றாவது. மூன்றையும் கூட்டினால் 184. 100-ஆல் வகுத்தால் 1.84. இன்னொரு நிறுவனம் அதே 100-ஐச் செலவு செய்கிறது. உள்ளூருக்குப் போவது 20, அதிலிருந்து திரும்புவது 8. அதன் கணக்கு 1.28-ல் நின்றுவிடும். இரண்டும் ஒரே அளவு பணத்தைத்தான் செலவழித்தன. வட்டாரத்துக்குக் கிடைத்தது ஒன்றல்ல.

தொண்டு நிறுவனம் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள முதல் வேலை, பத்துப் பதினைந்து நிறுவனங்களிடம் உட்கார்ந்து “நீங்கள் எதையெல்லாம் வெளியிலிருந்து வாங்குகிறீர்கள், ஏன்?” என்று கேட்பது. “இங்கே கிடைக்காது” என்பார்கள். பாதி நேரம் அது உண்மையாக இருக்கும். மீதி நேரம் யாரும் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றையும் வட்டாரத்துக்குள்ளேயே வாங்கு, வெளியே கதவைச் சாத்து என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. வெளியே விற்கிற தொழில் எந்த வட்டாரத்துக்கும் அவசியம். வெளியிலிருந்து வந்த பணம் வெளியேறும் முன் இன்னும் இரண்டு கை மாறட்டும் என்பதுதான் இங்கே கேட்கப்படுவது.

அதைவிட ஒரு பெரிய தொழிற்சாலையைக் கொண்டுவந்துவிட்டால் போதாதா?

வந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் சலுகை கொடுத்துக் கூட்டிவந்த நிறுவனம், வேறோர் இடத்தில் அதிகச் சலுகை கிடைத்தால் அங்கே போய்விடவும் கூடும். ஒரே முதலாளியை நம்பிய பகுதிகள் அவர் கதவை மூடிய நாளில் என்ன பாடுபட்டன என்பதற்குச் சுரங்க நகரங்களும் ஆலை நகரங்களும் உலகம் முழுக்கச் சாட்சி. பெரிய நிறுவனம் வந்தால், அதற்கு உதிரிபாகம், பராமரிப்பு, போக்குவரத்து என்று இங்குள்ள சிறு தொழில்களை இணைத்துவைப்பது தொண்டு நிறுவனத்தின் வேலையாக ஆகலாம். அந்த இணைப்பு இல்லாவிட்டால் தொழிற்சாலை இங்கே இருக்கும், பணம் வேறெங்கோ இருக்கும்.

மருத்துவமனை, பல்கலைக்கழகம், நகராட்சி இவற்றின் கொள்முதலை எப்படிப் பயன்படுத்துவது?

இவை இடம் மாறிப் போகாதவை. வருடாவருடம் பெரும் தொகைக்குப் பொருளும் சேவையும் வாங்குபவை. இவற்றின் கொள்முதலில் ஒரு சின்னப் பங்கு உள்ளூர்ப் பக்கம் திரும்பினாலே பல குடும்பங்களுக்கு வேலை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் இப்படி ஒரு முயற்சி 2008-ல் உருவானது. கிளீவ்லாந்து ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளை முன்கை எடுத்தது. நகரத்தின் பெரிய மருத்துவமனைகளும் பல்கலைக்கழகமும் இருக்கிற இடத்தைச் சுற்றித்தான் நகரத்திலேயே மிக ஏழ்மையான குடியிருப்புகள் இருந்தன. அந்தக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் வேலை செய்து, அவர்களே பங்குதாரர்களாகவும் இருக்கும் நிறுவனங்களைத் தொடங்கலாம், மருத்துவமனைகள் அவற்றிடம் வேலை கொடுக்கட்டும் என்பது யோசனை. எவர்கிரீன் கூட்டுறவு என்று பெயர் வைத்தார்கள். முதலில் வந்தது ஒரு சலவை நிலையம், 2009-ல். தொடக்க ஆண்டுகள் சுலபமாக இல்லை. எதிர்பார்த்த அளவு ஒப்பந்தங்கள் உடனே கிடைக்கவில்லை. சலவைத் தொழில் நிலைபெறக் காலம் பிடித்தது. பின்னால் 2018-ல் கிளீவ்லாந்து கிளினிக் மருத்துவமனை தன் சலவை ஆலையையே நடத்தும் பொறுப்பை அவர்களிடம் கொடுத்தது.

இங்கிலாந்தில் பிரெஸ்டன் நகரம் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. பல வருடங்களாக நம்பியிருந்த பெரிய வணிக வளாகத் திட்டம் 2011-ல் கைவிடப்பட்டது. அப்புறம்தான், வெளியிலிருந்து யாராவது வருவார்கள் என்று காத்திருப்பதை விட்டு, தங்களிடம் ஏற்கனவே இருக்கிற பணம் எங்கே போகிறது என்று பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது மான்செஸ்டரைச் சேர்ந்த சி.எல்.இ.எஸ். என்ற லாப நோக்கமற்ற ஆய்வு அமைப்பு. 2012–13-ல் அந்தப் பகுதியின் பெரிய பொது நிறுவனங்கள் செய்த கொள்முதலில் நகரத்துக்குள் செலவானது சுமார் 5 சதவீதம். 2016–17-ல் அது சுமார் 18 சதவீதமாக உயர்ந்திருந்தது.

இதில் தொண்டு நிறுவனத்தின் வேலை எங்கே வருகிறது? பெரிய ஒப்பந்தத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கச் சொல்லிக் கொள்முதல் அதிகாரியிடம் பேசுவதில். சிறு தொழில் செய்பவருக்கு டெண்டர் படிவத்தை நிரப்பச் சொல்லிக்கொடுப்பதில். பில் கொடுத்துத் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் வருகிற நிலையில் அந்த இடைக்காலத்துக்குச் சுழல்நிதி ஏற்பாடு செய்வதில். கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தெரியும். நல்ல ஆர்டர் கிடைத்தும் கையில் நடைமுறை மூலதனம் இல்லாமல் சிறு தொழில் படுத்துவிடுவது உண்டு. ஆர்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவது ஆளை ஆழத்தில் இறக்கிவிட்டுக் கயிற்றை விடுவது போல.

கடன் கொடுப்பதும் இந்த வேலையில் சேர்ந்ததா?

சேர்ந்தது. ரொம்பவும் கவனமாகச் செய்ய வேண்டியதும் இதுதான்.

ஜெர்மனியில் ரைஃபைசன் என்று ஒரு மேயர் இருந்தார். 1846–47 பஞ்சத்தில் தன் கிராமத்தில் வசதியானவர்களிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பின்னால் ஹெடெஸ்டார்ஃப் என்ற இடத்தில் 1854-ல் ஒரு தர்ம சங்கம் வைத்தார். வசதியானவர்களின் தயவை நம்பிய சங்கம் எவ்வளவு நாள் ஓடும்? உற்சாகம் குறையக் குறைய அது தள்ளாடியது. 1864-ல் அதையே கடன் சங்கமாக மாற்றினார். கடன் வாங்குபவர்களே உறுப்பினர்கள், ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு, ஒரு சின்னப் பகுதிக்குள் மட்டும் இயங்க வேண்டும் என்று வைத்தார். ஒருவரை ஒருவர் தெரியும் என்பதுதான் அங்கே ஈடு. உலகம் முழுக்க இன்றிருக்கும் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வேர்களில் ஒன்று அது. தர்மமாகத் தொடங்கியதை உறுப்பினர்களின் சொத்தாக மாற்றிய அந்தப் பத்து வருடத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

நமக்கு அருகில் இரண்டு கதைகள் பலருக்கும் தெரிந்தவை. 1974-ல் அகமதாபாத்தில் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவாவைச் சேர்ந்த பெண்கள், ஏறத்தாழ 4,000 பேர், ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டுத் தங்களுக்கென்று ஒரு கூட்டுறவு வங்கி தொடங்கினார்கள். சங்கத்தை 1972-ல் நிறுவிய இலா பட் உடன் நின்றார். 1976-ல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தன் கையிலிருந்து மொத்தம் 27 டாலருக்குச் சமமான தொகையைக் கொடுத்தார். அது 1983-ல் கிராமீன் வங்கியானது. 2006-ல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். சிறுகடன் லாபம் தரும் தொழில் என்று தெரிந்ததும் பல நிறுவனங்கள் வேகமாக இறங்கின. ஆந்திரப் பிரதேசத்தில் ஒரே குடும்பத்துக்கு மூன்று நான்கு நிறுவனங்கள் கடன் கொடுத்தன. வாராவாரம் வசூல் நெருக்கடி. தற்கொலைச் செய்திகள் வந்தன. 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. 2015-ல் ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் சேர்ந்து வெளிவந்தன. சிறுகடனால் சிலருக்குத் தொழில் விரிந்தது, நெருக்கடியில் கைகொடுத்தது. சராசரிக் குடும்பத்தின் வருமானத்தைப் பெரிதாக உயர்த்தியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

ஆகவே என் கருத்து இது: கடன் ஒரு கருவி. கடனோடு சந்தை, கணக்கு, ஆலோசனை எல்லாம் சேர்ந்து போக வேண்டும். “எத்தனை பேருக்குக் கொடுத்தோம்” என்று பெருமைப்படுகிற அமைப்பைப் பார்த்தால், எத்தனை பேருக்குக் கடன் வேண்டாம் என்று எடுத்துச் சொன்னீர்கள் என்று கேளுங்கள். பதில் இருக்கிறதென்றால் அந்த அமைப்பை நம்பலாம்.

தொழிற்பயிற்சி கொடுத்தும் பலருக்கு வேலை கிடைப்பதில்லையே, ஏன்?

பயிற்சியை முதலில் முடிவு செய்துவிட்டு வேலையைப் பிறகு தேடுவதால். நன்கொடையாளரிடம் திட்டம் எழுதுவதற்கு எளிதாக இருக்கிறது என்று ஏதோ ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே பகுதியில் இருநூறு பேர் அதே கைத்தொழிலைக் கற்றுக்கொண்டு வெளியே வந்தால் கூலி குறையும், அவ்வளவுதான் நடக்கும். வேலை கொடுப்பவரை முதல் நாளே வகுப்பறைக்குள் கொண்டுவந்து, என்ன இயந்திரம், என்ன தரம், எத்தனை பேர் என்று அவரிடமே கேட்டுப் பாடத்தை அமைக்க வேண்டும்.

பயிற்சியிலிருந்து ஒரு வட்டாரமே எழுந்த கதையும் இருக்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் மோந்திராகோன் என்ற ஊர். உள்நாட்டுப் போர் முடிந்து எல்லாம் சிதைந்து கிடந்த நேரம், 1941-ல் அரிஸ்மெந்தியாரியெட்டா என்ற இளம் பாதிரியார் அங்கே வந்தார். 1943-ல் சின்னதாக ஒரு தொழிற்பள்ளி தொடங்கினார். அங்கே படித்த ஐந்து பேர் 1956-ல் தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் ஒரு தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். 1959-ல் அவர்களுக்கென்று ஒரு வங்கி வந்தது. அதிலிருந்து வளர்ந்த கூட்டுறவுக் குழுமத்தில் இன்று சுமார் 70,000 பேர் வேலை செய்கிறார்கள். 2013-ல் அதன் பழைய நிறுவனங்களில் ஒன்று, வீட்டுச் சாதனங்கள் செய்தது, திவாலானது. அங்கே வேலை இழந்தவர்களில் பலரை மற்ற கூட்டுறவுகள் எடுத்துக்கொண்டன.

பள்ளிக்கும் முதல் தொழிற்சாலைக்கும் நடுவில் 13 வருடம் என்பதைக் கவனியுங்கள். மூன்று வருடத் திட்ட அறிக்கையில் அந்தப் பள்ளி தோல்வி என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

மிகவும் ஏழ்மையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் எட்டுமா?

பெரும்பாலும் எட்டாது. கடன் குழுவில் அவர்களைச் சேர்க்கப் பக்கத்து வீட்டினரே தயங்குவார்கள். இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது வங்கதேசத்தின் பிராக் அமைப்பு. 2002-ல் அவர்கள் வேறு வழியைத் தொடங்கினார்கள்: கடனுக்குப் பதிலாக ஒரு சொத்து (கால்நடை மாதிரி), அதைப் பராமரிக்கப் பயிற்சி, சொத்து வருமானம் தரத் தொடங்கும்வரை சாப்பாட்டுக்குச் சிறு உதவித்தொகை, சேமிப்புப் பழக்கம், வாராவாரம் வீடு தேடி வரும் ஓர் ஊழியர். எல்லாம் சேர்ந்து சுமார் இரண்டு வருடம். எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் குடும்பங்கள் முன்னேறிய நிலையிலேயே இருந்தன. ஹோண்டுராஸில் மட்டும் பலன் நிற்கவில்லை. அங்கே கொடுத்த கோழிகளில் பல நோய் வந்து இறந்துபோயின. எந்தச் சொத்து எந்த மண்ணில் நிற்கும் என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

வளர்ச்சி வந்தால் நில விலையும் வாடகையும் ஏறி, அங்கே இருந்தவர்களே வெளியேற வேண்டியதாகிறதே?

உண்மைதான். நல்லெண்ணத்தோடு செய்த வேலையே இப்படி ஆட்களைத் துரத்திவிடும். இதற்குச் சில இடங்களில் கையாண்ட வழி சமூக நில அறக்கட்டளை. நிலம் அறக்கட்டளையின் பெயரில் நிரந்தரமாக இருக்கும். வீடோ பட்டறையோ அதைப் பயன்படுத்துபவருக்குச் சொந்தம். நிலத்துக்கு நீண்டகாலக் குத்தகை, பல இடங்களில் 99 வருடம். விற்கும்போது அடுத்தவரும் வாங்கக்கூடிய விலையில் விற்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும்.

பாஸ்டன் நகரத்தில் டட்லி தெரு என்ற பகுதியில் ஒரு காலத்தில் சுமார் 1,300 காலி மனைகள் இருந்தன. தீவைத்துக் காலியான வீடுகள், குப்பை கொட்டும் இடங்கள். அங்குள்ளவர்கள் 1984-ல் ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். 1988-ல் நகர நிர்வாகம் அந்த அமைப்புக்கே நிலம் கையகப்படுத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது. அமெரிக்காவில் ஒரு குடியிருப்போர் அமைப்புக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல் முறை. மனைகளை வாங்கி நில அறக்கட்டளையில் வைத்து வீடு, பூங்கா, தோட்டம் என்று கட்டினார்கள்.

இப்படிப்பட்ட அமைப்பில் முடிவெடுப்பது யார்?

டட்லி தெருவையே இதற்கும் சொல்லலாம். முதலில் வகுத்த திட்டத்தில் நிர்வாகக் குழுவில் அங்கே குடியிருப்பவர்களுக்குச் சில இடங்கள்தான் இருந்தன. மீதி நிறுவனங்களின் பிரதிநிதிகளுக்கு. குடியிருப்பவர்கள் எழுந்து எதிர்த்துக் கேட்டார்கள். பெரும்பான்மை அவர்களுக்கு மாற்றப்பட்டது. அந்தப் பகுதியிலிருந்த நான்கு இனக் குழுக்களுக்கும், எண்ணிக்கை எப்படி இருந்தாலும், சமமான இடம் வைத்தார்கள். பெரிய குழு சின்னக் குழுவை விழுங்கிவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு.

சிறு அமைப்புகளில் நான் மிகவும் பயப்படுவது வேறொன்று. நிர்வாகக் குழு உறுப்பினரின் உறவினரிடமே பொருள் வாங்குவது, அவருக்கே கடன் போவது. பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லாமல்தான் தொடங்கும். “நம்ம ஆள், நம்பலாம்” என்று. இரண்டு வருடத்தில் ஊரே அந்த அமைப்பை “அந்தக் குடும்பத்தின் கடை” என்று பேச ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்ட கொள்முதலோ கடனோ குழுக் கூட்டத்தில் பேசப்படும்போது சம்பந்தப்பட்டவர் எழுந்து வெளியே போக வேண்டும், அது கூட்டக் குறிப்பில் எழுதப்பட வேண்டும். வரவு செலவு யாரும் வந்து பார்க்கும்படி தகவல் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஊரின் நம்பிக்கை போய்விட்டால் இந்த அமைப்பிடம் வேறு மூலதனம் எதுவும் இல்லை.

அமைப்பு நடக்கப் பணம் எங்கிருந்து வரும்?

மானியம், நன்கொடை, உறுப்பினர் சந்தா, சேவைக் கட்டணம், சொந்தக் கட்டடத்தின் வாடகை, சில இடங்களில் சொந்தத் தொழில். பிராக் 1978-ல் கைவினைப் பொருட்களுக்காக ஆரோங் என்ற விற்பனைக் கடையைத் தொடங்கியது. அது கைவினைஞர்களுக்குச் சந்தையாகவும் அமைப்புக்கு வருமானமாகவும் ஆயிற்று.

ஒரே நன்கொடையாளரை நம்பியிருப்பது ஒரே முதலாளியை நம்பியிருக்கும் வட்டாரத்தின் நிலைமைதான்.

நன்கொடை கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். “என் பணம் முழுக்கப் பயனாளிக்கே போக வேண்டும், சம்பளத்துக்கும் அலுவலகத்துக்கும் போகக் கூடாது” என்று நிபந்தனை போடாதீர்கள். இந்த வேலையில் பெரும்பகுதி ஆள்தான். டெண்டர் படிவம் நிரப்பச் சொல்லிக்கொடுப்பவரும், வாராவாரம் வீடு தேடிப் போகிறவரும், கணக்கு எழுதுபவரும் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவாகக் கொடுத்தால் அனுபவம் வந்ததும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், அவர்களோடு அந்த வட்டாரத்தின் அறிமுகங்களும் போய்விடும்.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்பது அமைப்பு என்ன செய்தது என்று சொல்லும். மக்களுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லாது. இரண்டு வருடம் கழித்து அவர்களில் எத்தனை பேர் அந்தத் தொழிலில் இருக்கிறார்கள், வருமானம் கூடியதா, கடன் சுமை குறைந்ததா என்று போய்க் கேட்க வேண்டும்.

இன்னும் இரண்டு சங்கடமான கேள்விகள் உண்டு. நாம் இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமா? புதிதாக வந்த தொழில் பழைய தொழிலின் வாடிக்கையாளர்களைத்தான் எடுத்துக்கொண்டதா? ஒரே தெருவில் மூன்றாவது தையல் கடையைத் திறந்துவைத்து, முதல் இரண்டு கடையின் வருமானத்தைப் பங்கு போட்டுக் கொடுத்தால் வட்டாரத்துக்கு எதுவும் கூடவில்லை. இந்தக் கேள்விகளை ஆண்டறிக்கையில் தானே எழுப்பிக்கொள்கிற அமைப்பு நேர்மையான அமைப்பு.

எத்தனை வருடம் ஆகும்?

சின்ன மாற்றங்கள் ஓரிரு வருடத்தில் தெரியும். ஒரு வட்டாரத்தின் போக்கு திரும்பப் பத்து வருடத்துக்குக் குறையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எப்போது விலகிக்கொள்ள வேண்டும்?

ஒவ்வொரு வேலையிலிருந்தும் தனித்தனியாக. கடன் குழு தன் கணக்கைத் தானே எழுதி ஆடிட் செய்யும் நிலைக்கு வந்தால் அங்கிருந்து ஒதுங்கலாம். உற்பத்தியாளர் சங்கம் வாங்குபவரோடு நேரடியாகப் பேரம் பேச ஆரம்பித்தால் நடுவிலிருந்து எழுந்துவிட வேண்டும். இது கஷ்டம். தன்னால் வளர்ந்த ஒன்று தன்னைக் கேட்காமல் முடிவெடுக்கும்போது மனசு வலிக்கும். அவர்கள் எடுக்கிற முடிவு தவறாகக்கூட இருக்கலாம். ஆலோசனை கேட்டால் சொல்லலாம், கையெழுத்துப் போடும் அதிகாரத்தைத் திரும்பக் கேட்கக் கூடாது.

எங்கள் பகுதியில் இப்படி எதுவும் இல்லை. நாலைந்து பேர் சேர்ந்து ஆரம்பிக்க நினைக்கிறோம். முதலில் என்ன செய்வது?

பதிவு செய்ய ஓடாதீர்கள். பெயரும் சின்னமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் சில மாதங்கள் கேட்பதற்கு மட்டும். இருபது சிறு தொழில் செய்பவர்கள், ஐந்து பெரிய நிறுவனங்களின் கொள்முதல் ஆட்கள், இரண்டு வங்கி மேலாளர்கள், வேலை தேடுகிற இளைஞர்கள், வீட்டிலிருந்தே வேலை செய்கிற பெண்கள். எங்கே மாட்டிக்கொள்கிறீர்கள் என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஒரு நோட்டில் அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ஏற்கனவே அங்கே வேலை செய்கிற சங்கமோ அமைப்போ இருந்தால் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். அவர்களோடு சேர்ந்துகொள்வதே சரியாகவும் இருக்கலாம்.

நோட்டில் ஒரே பிரச்சினை பத்து இடத்தில் வந்திருக்கும். அதில் பணம் அதிகம் தேவைப்படாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டெண்டர் அறிவிப்புகளை வாராவாரம் சேகரித்து உரியவர்களுக்கு அனுப்புவது, மாதம் ஒரு நாள் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுப்பது, இந்த மாதிரி. அதை ஒரு வருடம் ஒரு தடவைகூட விடாமல் செய்யுங்கள். அதற்குள் யார் வருகிறார்கள், யார் வேலையை இழுத்துப்போட்டுச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிடும். நிர்வாகக் குழுவில் யாரை உட்காரவைப்பது என்பதை அப்போது பேசலாம், பதிவுப் படிவத்தையும் அப்போது நிரப்பலாம்.